குயில் நழுவவிட்ட முதல் சுள்ளி

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரைப் போலவே வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கரியன் என்றொரு குயில் இருந்தான். சரியான ஊர்சுற்றி. காலில் சக்கரம் என்பார்களே, இவனுக்குச் சிறகில் சக்கரம். அவன் மனைவி புள்ளியாள். உடம்பெல்லாம் புள்ளி, வயிற்றில் முட்டை.

பறவைகளுக்குள் அப்போது ஒரு கட்டு இருந்தது. கூட்டுக்கான முதல் சுள்ளி எந்த இடத்தில் விழுகிறதோ, அங்கேதான் முட்டையிட வேண்டும். எடுத்து மாற்றக் கூடாது. விழுந்தால் விழுந்ததுதான்.

"ஏங்க, முட்டை இன்றோ நாளையோ என்கிறது. எந்த ஊர் என்று சொல்லுங்க" என்றாள் புள்ளியாள்.

"மதுரைதான் புள்ளி! விடிந்தால் தெருவெல்லாம் மல்லிகை. எந்நேரமும் ஏதாவதொரு வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் காஞ்சிபுரத்து மாமரம் இருக்கிறதே, அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. நாகப்பட்டினம் மட்டும் மட்டமா? கப்பல் கரைக்கு வருகிற அழகைப் பார்த்தால் பசியே மறந்துபோகும்!"

"ஒரு முட்டையை மூன்று ஊரில் இட முடியுமா?"

கேட்டாளே தவிர, அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஓர் ஊரை உயர்த்த இன்னோர் ஊரைத் தாழ்த்தத் தெரியாத மனசு அவனுக்கு. அந்த மனசுக்குத்தானே இவள் வாழ்க்கைப்பட்டாள்! ஆனால் வயிறு காத்திருக்குமா? கடைசியில் அவளே மதுரை என்று முடிவு செய்தாள். அப்போது தங்கியிருந்த காஞ்சியிலிருந்து ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு கரியன் கிளம்பினான், கூடவே புள்ளியாளும்.

"மதுரை போய்ச் சேரும்வரை வாயைத் திறக்காதீங்க, புண்ணியமாய்ப் போகும்!"

திருச்சிராப்பள்ளி வரை நன்றாகத்தான் வந்தான். அங்கே ஆடிப் புதுவெள்ளம். காவிரி இரண்டாய்ப் பிரிந்து ஓட, இந்தப் பக்கம் ஒற்றைப் பாறை மலை நிமிர்ந்து நின்றது. புள்ளியாளே ஒரு கணம் சொக்கிப்போனாள். கரியனால் முடியுமா?

"அடடா! இந்த ஊரைப் பார்த்தாயா புள்ளி!"

சுள்ளி போயிற்று. நேராகப் போய்க் கீழே ஒரு வேப்பமரத்தில் காக்கை கட்டி வைத்திருந்த கூட்டுக்குள் விழுந்தது.

காக்கைச்சி எட்டிப் பார்த்தாள். "கட்டு கட்டுதான். முட்டையை இடம்மா, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு குடும்பத்துக்கு இங்கே இடமில்லை. அடைகாப்பதும் ஊட்டுவதும் நான்தான். அது என்னைத்தான் அம்மா என்று கூப்பிடும்."

புள்ளியாள் முட்டையை இட்டாள். அலகால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு எதிர்மரத்துக்குப் பறந்து போய் இலைக்குள் மறைந்துகொண்டு அழுதாள்.

"பாழாய்ப்போன என் வாய்! இனி இதைத் திறந்தால் கேள்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் கரியன்.

"ஐயோ, மூடிவிடாதீங்க!" என்று பதறினாள் அவள். "நம்ம பிள்ளை காலையிலிருந்து கா கா என்பதையே கேட்டு வளரப்போகிறது. நம்ம பேச்சு அதன் காதில் விழ வேண்டாமா? இங்கேயே உட்கார்ந்து பாடுங்க."

அன்று முதல்தான் குயிலுக்குக் கூடு இல்லாமல் போனது. காக்கை அடைகாக்கும் பருவம் வந்தால் போதும், எந்த ஊரானாலும் விடியுமுன்பே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. நம் ஊர் அழகைத்தான் பாடுகிறது என்று நாம் பூரித்துப்போகிறோம். அதுவோ, காக்கை வீட்டில் வளரும் தன் பிள்ளைக்குத் தாய்மொழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.