திம்மன் சொல்லாத சொல்

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் செங்கண்ணி என்ற ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவே சின்னதாக ஒரு குழி பறிக்கும், அதுதான் கூடு. செங்கண்ணியின் துணையைக் கோடைக்கு முன்பே பருந்து தூக்கிப் போய்விட்டது. அதனால் அடைகாப்பதும் அதுதான், காவல் காப்பதும் அதுதான்.

தண்ணீர் குடிக்க வரும் மான்களைப் பார்த்து, "பத்திரம்! பத்திரம்!" என்று செங்கண்ணி குரல் கொடுக்கும்.

"தெரியும் தாயே!" என்று அவை ஒதுங்கிப் போகும்.

ஒருநாள் திம்மன் என்ற காட்டெருமை மேட்டிலிருந்து தடதடவென்று ஓடி வந்தது. மாட்டு ஈக்கள் அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தன. எப்போது தண்ணீரில் விழுவோம் என்றிருந்தது திம்மனுக்கு.

செங்கண்ணி சிறகை விரித்துக்கொண்டு எதிரே ஓடியது. "நில்! முட்டை இருக்கிறது, நில்!"

திம்மனுக்கு அது நன்றாகவே கேட்டது. 'இத்தனூண்டு குருவி என்னை நிற்கச் சொல்வதா?' என்று நினைத்தது. நிற்கவில்லை. குளம்புக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

திரும்பிப் பார்த்தது. மூன்று முட்டைகள் உடைந்து கிடந்தன. ஒன்று மட்டும் உருண்டுபோய்க் கல்லிடுக்கில் தப்பியிருந்தது. செங்கண்ணி கத்தவில்லை, அழவில்லை. உடைந்த ஓடுகளைப் பார்த்தபடி நின்றது.

திம்மனின் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நடக்கிற வழியில் யார் உன்னை முட்டையிடச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுக் குளத்தில் இறங்கியது. ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

மறுநாள் திம்மன் மேயாமல் நின்றது. அதன் முதுகில் எப்போதும் சவாரி செய்யும் நுரையன் என்ற உண்ணிக்கொக்கு, "என்ன திம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது.

"அந்தக் குருவி நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்க்கிறேன்."

"மன்னிப்பா! நீயா!" நுரையன் சிறகடித்துச் சிரித்தது. "புலியே உன் கொம்பைப் பார்த்தால் வழி விடுகிறது. ஒரு பிடி குருவியிடம் போய்த் தலை குனிவாயா? ஏதாவது உதவி செய். சரிக்குச் சரியாகிவிடும்."

திம்மனுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மன்னித்துவிடு என்று சொல்வதைவிட மலையைப் புரட்டுவது அதற்கு எளிது.

அது பெரிய பெரிய கற்களைக் கொம்பால் தள்ளிவந்து மிஞ்சிய முட்டையைச் சுற்றிப் போட்டது. செங்கண்ணி முட்டையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது. முட்டை தேடி வந்த கீரியைத் திம்மன் துரத்திக் காட்டுக்குள் விரட்டியது. அப்போதும் செங்கண்ணி இறகைத் தளர்த்தவில்லை.

கடைசியில் திம்மன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நடந்தது நடந்துவிட்டது. எனக்கும் வருத்தம்தான்" என்றது.

செங்கண்ணி அண்ணாந்து பார்த்தது. "மழை பெய்யாவிட்டாலும் வருத்தம்தான், திம்மா" என்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெயில் நாளுக்கு நாள் ஏறியது. கூழாங்கற்கள் அடுப்பாகக் கொதித்தன. செங்கண்ணி குளத்துக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டையைக் குளிர வைக்கும். இறகு காய்ந்ததும் மறுபடி ஓடும். ஓடி ஓடி அதன் கால்கள் தள்ளாடின.

ஒரு நண்பகலில் அது தண்ணீருக்குப் போனதும், திம்மன் மெதுவாக வந்து முட்டைமேல் தன் நிழல் விழும்படி நின்றது. திரும்பி வந்த செங்கண்ணி அலறியது.

"தள்ளிப் போ! தள்ளிப் போ!"

"நிழலுக்காகத்தான் நின்றேன்! எத்தனை உதவி செய்துவிட்டேன், இன்னும் என்மேல் நம்பிக்கை வரவில்லையா?"

"எப்படி வரும்?" செங்கண்ணியின் குரல் உடைந்தது. "யார் உன்னை வழியில் முட்டையிடச் சொன்னது என்று கேட்டாயே! அன்றிலிருந்து அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளி இட்டிருக்கலாமோ? இன்னும் உரக்கக் கத்தியிருக்கலாமோ? என் பிள்ளைகளை நானேதான் கொன்றேனோ?"

திம்மன் திகைத்துப்போனது. தான் உதறிவிட்டு வந்த பழியை இந்தச் சின்ன உயிர் இத்தனை நாளாகச் சுமந்திருக்கிறது! கல்லை நகர்த்தினோம், கீரியை விரட்டினோம். அந்தச் சுமையை இறக்கவில்லையே!

"என்ன யோசனை? வா, போகலாம்!" என்றது முதுகிலிருந்த நுரையன்.

"நீ போ" என்றது திம்மன். கொக்கு பறந்துபோனது.

திம்மன் முன்னங்கால்களை மடித்து, குருவியின் கண்ணுக்கு நேராகத் தலையைத் தாழ்த்தியது.

"செங்கண்ணி, நீ சரியான இடத்தில்தான் முட்டையிட்டாய். சரியாகத்தான் கத்தினாய். எனக்குக் காது கேட்டது. கேட்டும் நான் நிற்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. பழியை உன்மேல் போட்டேனே, அது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு."

செங்கண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, அத்தனை நாளும் வராத அழுகை வந்தது. குளம் முழுவதும் கேட்கும்படி அழுதது. திம்மன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அழுது முடித்ததும் செங்கண்ணி சொன்னது: "மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும், திம்மா."

"ஆகட்டும். எத்தனை நாளானாலும் ஆகட்டும்."

திம்மன் எழுந்து, ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து விலகப் போனது.

"எங்கே போகிறாய்?" என்றது செங்கண்ணி. "இறகு காய்ந்துவிட்டது. நான் போய் நனைத்துக்கொண்டு வருகிறேன். வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்."

சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் குளத்துக்கு ஓடியது. திம்மன் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, முட்டைக்கு நிழலாக நின்றது.

தவறு செய்தவர் எத்தனை உதவி செய்தாலும், "தப்பு என்னுடையது, மன்னித்துவிடு" என்று வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அடிபட்ட மனம் ஆறத் தொடங்குகிறது.