ஒரு சொட்டு குடிக்காத வண்டி

எதையும் யோசிக்காமல் செய்வதில்லை என்று உறுதி எடுத்த மூன்று பேர் கீழப்பனங்குளத்தில் இருந்தார்கள். வெயிலுமுத்து, பலவேசம், பூதத்தான். இவர்கள் யோசிக்க உட்கார்ந்தால் ஊர்க்காரர்கள் ஆட்டையும் கோழியையும் பிடித்து வீட்டுக்குள் அடைத்துக்கொள்வார்கள்.

மூவருக்கும் பொதுவாக ஒரு பம்புசெட்டுக் கொட்டகை. அதில் வெயிலுமுத்துவின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. இருபது உதை வாங்காமல் கிளம்பாது. கிளம்பினால் நாற்பதைத் தாண்டாது. டீக்கடை வந்தால் தானாக நின்றுவிடும். அதன் டுபுடுபு சத்தம் வெயிலுமுத்துவுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதைக் கேட்டுத்தான் அவர் மனைவி செண்பகவடிவு சோற்றை வடிப்பாள். அவர் கை கழுவி உட்காரவும் தட்டில் ஆவி பறக்கவும் சரியாக இருக்கும். உலகத்தில் அதைவிடப் பெரிய சுகம் இருப்பதாக வெயிலுமுத்து கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆடித் தள்ளுபடியில் மூவரும் கூட்டுச் சேர்ந்து ஒரு வேட்டி வாங்கினார்கள். வேட்டிக்குக் குலுக்கலில் முதல் பரிசு விழுந்தது. பரிசு ஒரு பந்தய பைக். சிவப்பு நிறம், பின் சீட்டு பனைமர உயரம். கூடவே ஒரு ஹெல்மெட்.

லாரியில் கொண்டுவந்து இறக்கியவர் போகும்போது சொன்னார்: "மூணே விஷயம் அண்ணாச்சி. ஹெல்மெட் போடாம இதைத் தொடப்பிடாது. சாவியைப் பத்திரமா வச்சுக்கிடுங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுத வரைக்கும் நாப்பதைத் தாண்டப்பிடாது."

சாவியை உடனே நெற்குதிருக்குள் ஆழமாகப் புதைத்தார்கள். பிறகு வண்டியைக் கொட்டகைக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஹெல்மெட் ஒன்றுதான். அதைப் பலவேசம் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். மற்ற இருவரும் பலவேசத்தைத் தள்ளினார்கள்.

கொட்டகையில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

"ஒண்ணை வித்துர வேண்டியதுதான்," என்றார் பலவேசம்.

வெயிலுமுத்து போய்த் தன் வண்டியை மறைத்து நின்றுகொண்டார். "எதை வே?"

"எதுல சுகம் கம்மியோ அதை. ஆயிரம் கிலோமீட்டர் ரெண்டையும் ஓட்டிப் பாப்போம். அப்புறம் பூதத்தான் தீர்ப்பு சொல்லட்டும்."

"நாப்பதைத் தாண்டப்பிடாதுன்னு சொல்லியிருக்கானே," என்றார் பூதத்தான். "நாப்பது எவ்வளவு வேகம்னு இதுக்கு எப்படித் தெரியும்? பச்சப்புள்ளல்லா."

வெயிலுமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "என் வண்டி பொறந்ததுலேருந்து நாப்பதைத் தாண்டினது கிடையாது. அது முன்னால போகட்டும், இது பின்னால வரட்டும்."

"முந்திட்டா?"

"கயித்தைப் போட்டுக் கட்டிருவோம்."

அப்படியே செய்தார்கள். வெயிலுமுத்து பழைய வண்டியை ஓட்டினார். அவர் முதுகோடு முதுகு ஒட்டி, பின்பக்கம் பார்த்தபடி பூதத்தான் உட்கார்ந்தார், புதுசு முந்துகிறதா என்று கண்காணிக்க. கயிற்றின் மறுமுனையில் புது வண்டி. அதன்மேல் ஹெல்மெட் போட்ட பலவேசம் குனிந்து படுத்திருந்தார்.

"மீட்டர் என்னவே காட்டுது?" என்று பூதத்தான் அவ்வப்போது கேட்பார்.

"ஒண்ணுமே காட்டல."

"அப்பம் நாப்பதைத் தாண்டல. வாரும்."

சந்தைக்குப் போய்வர இருபது கிலோமீட்டர். ஐம்பது முறை போய்வந்தார்கள். மேட்டில் பழைய வண்டி முக்கியது, முனகியது, கரும்புகை கக்கியது. பெட்ரோல் பங்கில் அதைக் கண்டதும் பையன்கள் எழுந்து நின்றார்கள். வெயிலுமுத்து டேங்கைத் தடவிக்கொடுத்தபடி ஓட்டினார். ஆயிரமும் முடிந்தது.

கொட்டகையில் விசாரணை நடந்தது.

"புதுசுல சுகம் எப்படி?" என்று கேட்டார் பூதத்தான்.

"அதை ஏன் வே கேக்கீரு? ஆட்டமில்ல, சத்தமில்ல. காதுல காத்து மட்டுந்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்கல."

"பழசு?"

வெயிலுமுத்து பொய் சொல்லிப் பழகாதவர். "அது குடிச்சுதுவே. நல்லாவே குடிச்சுது."

"ரெண்டும் ஒரே ரோட்டுலதானே போச்சு?"

"ஒரே ரோடுதான்."

"ஒரே வேகம்?"

"ஒரே வேகம்."

"பெறவு அது மட்டும் எதுக்குக் குடிச்சுது?"

வெயிலுமுத்து யோசித்துப் பார்த்தார். தீர்ப்பு நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை ஏற்றிப் போனபோது, வெயிலுமுத்து லாரியின் பின்னாலேயே ஊர் எல்லை வரை நடந்தார். திரும்பி வீட்டுக்கு வந்தால் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சத்தமே கேக்கல, நீங்க எப்படி வந்தீங்க?" என்றாள் செண்பகவடிவு. அன்று அவர் கஞ்சிதான் குடித்தார்.

அடுத்த நாள் சந்தைக்குக் கிளம்பினார்கள். பலவேசம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறிக் குனிந்து படுத்தார். வண்டி நகரவில்லை. வெயில் ஏறும்வரை படுத்திருந்தார். அப்போதும் நகரவில்லை.

"கயிறு இருக்கு. ஹெல்மெட் இருக்கு. பெறவு என்ன குறை?" என்றார் பலவேசம்.

பூதத்தான் வண்டியைத் தொடாமல் மூன்று சுற்று சுற்றினார். "முன்னால ஆள் இல்ல. வழி தெரியாம முழிக்குது."

வெயிலுமுத்து கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆனால் அசையவில்லை.

"என்னவே, கிளம்பும்."

"உதைக்காம எப்படி வே கிளம்புதது?"

பூதத்தான் உதைத்தார். இருபதாவது உதையில் வெயிலுமுத்து வாயால் டுபுடுபு என்று ஆரம்பித்து ஓடத் தொடங்கினார். அவர் முதுகோடு முதுகு ஒட்டி, பின்பக்கம் பார்த்தபடி பூதத்தானும் ஓடினார்.

"ஆயிரம் முடிஞ்சுட்டுல்லா, இனி நாப்பதைத் தாண்டலாம்," என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பலவேசம் குரல் கொடுத்தார். "வேகமா போம் வே."

"பொறந்ததுலேருந்து தாண்டினதில்ல," என்றார் வெயிலுமுத்து. டீக்கடை வந்ததும் தானாக நின்றார்.

திரும்பி வருகையில் ஊர் எல்லையிலேயே டுபுடுபுவைக் கேட்டு செண்பகவடிவு சோற்றை வடித்துவிட்டாள். தட்டில் ஆவி பறந்தது. வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சத்தமெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள் அவள், குழம்பை ஊற்றியபடி. "ஆனா புகையைக் காணோமே. உள்ள ஏதும் கோளாறா இருக்கப்போவுது."

மறுநாளிலிருந்து வெயிலுமுத்து பீடி குடிக்கக் கற்றுக்கொண்டார்.