செங்கோடன் வைத்த பொட்டு

நாலு கரட்டு மலைக்கு அந்தாண்டை, ஒரு செல்போன் கோபுரத்துக்கு இந்தாண்டை, கேட்டவர்களுக்கு மட்டும் வழி தெரிந்த ஓர் ஊர் இருந்தது.

அந்த ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பூரணி என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் தொழில் கற்க வந்த சீடனுக்கோ தலை பாதி நரைத்திருந்தது. பேர் செங்கோடன். அதற்கு முன்னால் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் ஊர் ஊராகப் போனவன்.

வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே குறைதான்.

"அம்மிணி, போர்ல தண்ணி வரலீன்னா இன்னுங் கொஞ்சம் ஆழமாப் போனா வந்துருமுங்க. இந்தப் பொட்டியில எத்தனை ஆழம் போகோணும்னே புடிபடலீங்களே?"

பூரணி சிரிப்பாள். தூரிகையை எடுத்துத் தூசியைத் தட்டுவாள்.

ஆயுத பூஜை வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டர்களையெல்லாம் கடையில் கொண்டுவந்து விடுவார்கள். தூசி தட்டித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு பொட்டலம் பொரியோடு பூஜையன்றைக்குத் திருப்பித் தர வேண்டும். அன்றைக்கு யாரும் அதை ஓட்ட மாட்டார்கள். கருவிக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? மறுநாள்தான் வேலை.

அந்த மறுநாள் காலையில்தான் கோகிலவாணி வந்தாள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. முந்தின நாள் பொரியோடு வாங்கிப்போன கம்ப்யூட்டரைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இது கெளம்பவே மாட்டேங்குதுங்க. காத்தாடி சுத்துற சத்தம் கேக்குது. திரை மட்டும் கறுப்பாவே நிக்குது."

"வெச்சுட்டுப் போ கண்ணு. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்குங்களா? எங்கப்பாவைக் காணோங்கண்ணா!"

செங்கோடன் கையிலிருந்த பொரி அப்படியே நின்றது.

"மறதி நோவுங்க அவருக்கு. நேத்து பூஜைக் கூட்டத்துல என்ற கையை உதறிட்டுப் போனவரு, திரும்பலீங்க. ஸ்டேஷன்ல போட்டோ கேக்கறாங்க. படம் எடுத்தா ஆயுசு கொறையும்னு கேமராவைக் கண்டாலே நழுவற மனுசன். என்ற கல்யாணத்துல மாட்டினது ஒண்ணே ஒண்ணு. அது இதுக்குள்ளதான் கெடக்குது."

"ஸ்டூடியோவுல இருக்குமே?"

"அடுத்த முகூர்த்தம் வந்ததும் அழிச்சுப்போட்டாங்களாம்."

"ஆதார் கார்டு?"

"அதுல இருக்கற மூஞ்சியக் காட்டினா, இது ஆருன்னு எங்கப்பாவே கேப்பாருங்க."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேடிவிட்டு வருகிறேன் என்று ஓடினாள்.

பூரணி கோயிலுக்குப் போயிருந்தாள். செங்கோடன் தனியாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்த ரேமைப் பிடுங்கி, அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் போட்டான். கறுப்பு. சின்ன பேட்டரியை மாற்றினான். கறுப்பு. கரண்டு வருகிற பெட்டியையே புதிதாக மாற்றினான். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு.

இன்னும் ஆழம் போக வேண்டும் என்று நினைத்தான்.

தலையைப் பெட்டிக்குள் விட்டபடி இருந்தபோது வாசலில் ஒரு குரல்.

"ஏனுங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?"

"முக்குல குழாய் இருக்குதுங்க, அங்க போங்க."

"என்ன, இத்தனை மும்முரமா?"

"ஒரு பெரியவர் காணாமப் போயிட்டாருங்க. அந்த வேலையாத்தான் இருக்கறேன். பேச நேரமில்லீங்க."

"அடப் பாவமே! சீக்கிரங் கண்டுபுடிங்க."

மேஜை மேலிருந்த பொரியில் ஒரு பிடியை ஒரு கை அள்ளியது. மணிக்கட்டில் பச்சை குத்திய தேள். ஓரக்கண்ணில் தேளின் வால் தெரிந்தது, அவ்வளவுதான். செங்கோடன் அடுத்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

கோகிலவாணி திரும்பி வந்தபோது, கம்ப்யூட்டர் என்று ஒன்று அங்கே இல்லை. செய்தித்தாள் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

"படம் வந்துருச்சுங்களாண்ணா?"

"தகடு செத்துப்போச்சாட்ட இருக்குது கண்ணு. படமெல்லாம் இருக்கற தகடு. அதையுந் தொறந்து ஒருக்காப் பாத்துர்றேன்."

அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செங்கோடன் ஹார்டு டிஸ்கைக் கையில் எடுத்தான். மூடியின் முதல் திருகாணியில் திருப்புளியை வைத்தான்.

ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

பூரணி. நெற்றியில் கோயில் திருநீறு.

"அண்ணா. இதைத் தொறந்தீங்கன்னா உள்ள தூசி பூந்துரும். அதுக்கப்பறம் அந்தப் படத்தைச் சாமியே வந்தாலும் எடுக்க முடியாது."

செங்கோடன் கையை இழுத்துக்கொண்டான். திருப்புளி கீழே விழுந்தது.

"இந்த டிஸ்கை வேற மிஷின்ல மாட்டிப் பாத்தீங்ளா?"

"நம்ம கடை மிஷினெல்லாம் இன்னும் பூஜையில உக்காந்திருக்குதுங்களே அம்மிணி. நல்ல நேரம் வராம எப்படி எடுக்கறது?"

பூரணியின் கண் கழன்று கிடந்த பெட்டியின் முகப்பில் போய் நின்றது.

"எல்லாத்தையும் இருந்த எடத்துல மாட்டுங்க."

மாட்டினான். பக்கத்துத் தகட்டையும் மூடினான். பூரணி பெட்டியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

பெரிய பொத்தான் ஒன்று. அதற்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில் சின்னப் பொத்தான் ஒன்று. அதை ஒரு தரம் அமுக்கினால் கம்ப்யூட்டர் முதலிலிருந்து கிளம்பும். விடாமல் அமுக்கியே வைத்திருந்தால் கிளம்பவே கிளம்பாது. இப்போது அந்தச் சின்னப் பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து கல்லாக இறுகியிருந்தது.

"அண்ணா, உங்க கட்டைவெரலை இந்தப் பொட்டு மேல வைங்க."

"எதுக்குங்க?"

"வைங்க."

வைத்தான். அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்தது. போர்வண்டிச் சங்கிலி கடித்த வடு அவன் விரலில் குறுக்கே ஓடும். பொட்டிலும் அதே வடு, குறுக்கே.

செங்கோடன் விரலை எடுக்க மறந்து நின்றான். நேற்று ஆசை ஆசையாக, நெற்றிக்குப் பொருத்தமான இடம் பார்த்து, ஒரு அழுத்து அழுத்தி வைத்தது அவனேதான்.

பூரணி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். துண்டின் நுனியை நனைத்தாள். தூங்கி எழுந்த குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெல்லத் துடைத்தாள்.

டிக்.

பொத்தான் வெளியே வந்தது.

பெரிய பொத்தானைக் கோகிலவாணியே அமுக்கினாள். ஒரு பீப் சத்தம். திரை நீலமாக வெளுத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கப்பா இதுலதாங்க இருக்கறாரு. இருங்க, இருங்க, அடுத்தது..."

படம் வந்தது.

மணவறை ஓரத்தில் ஒரு பெரியவர். நழுவப் பார்த்து, முடியாமல், வேண்டாம் வேண்டாம் என்று கேமராவை மறைக்கக் கை நீட்டியிருந்தார். பாதி முகமும், படம் முழுக்க அந்தக் கையும்.

மணிக்கட்டில் பச்சை குத்திய தேள்.

செங்கோடன் திரையருகே குனிந்தான்.

"இந்தக் கை..."

"என்னங்கண்ணா?"

அவன் மேஜையைக் காட்டினான். பொரிக் குவியலில் ஒரு பிடி அள்ளிய பள்ளம் அப்படியே இருந்தது.

"இங்க... இங்கதான் நின்னாருங்க. கொஞ்ச நேரத்துக்கு முந்தி."

"எங்கப்பாவா? என்ன சொன்னாரு? மூஞ்சி எப்படி இருந்துது? சாப்புட்டாரா? எந்தப் பக்கம் போனாரு?"

"நான்... நிமுந்து பாக்கலீங்க கண்ணு."

செங்கோடன் வாசல் பக்கம் கை நீட்டினான்.

"தண்ணி கேட்டாரு. முக்குல குழாய் இருக்குது போங்கன்னு நாந்தான்..."

அவன் முடிப்பதற்குள் கோகிலவாணி படியிறங்கி ஓடிவிட்டாள்.

செங்கோடன் பூரணியைப் பார்த்தான். நல்லதாக நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அம்மிணி, நான் இப்ப என்னங்க பண்றது?"

பூரணி டம்ளரைக் கழுவினாள். கடை மூலையில் இருந்த பானையிலிருந்து தளும்பத் தளும்ப மொண்டாள். அவன் கையில் கொடுத்தாள்.

"தண்ணிதானே கேட்டாரு?"

செங்கோடன் தெருவில் இறங்கினான். எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, டம்ளர் சிந்தாமல், குழாயைப் பார்த்து நடந்தான்.