ஃப்ரிட்ஜுக்கு முளைத்த வால்

அமெரிக்காவில் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் சென்னையிலுள்ள ஒரு கால் சென்டரில் மணி அடிக்கும். போனை எடுக்கிற சாத்தூர் பூமாரிக்கு அங்கே பெயர் பமீலா. மேனேஜர் சத்தியசீலனுக்குக் கெவின். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: "நீ தமிழ்ப் பொண்ணுன்னு ஒரு கஸ்டமர் கண்டுபிடிச்சாலும் அன்னிக்கே வேலை காலி!"

பூமாரி மூக்கால் பேசக்கூடப் பழகிவிட்டாள். ஆனால் வார்த்தை முடிகிற இடத்தில் ஓர் 'உ' மட்டும் வால் மாதிரி முளைத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் சிகாகோவிலிருந்து ஓர் ஆள் கூப்பிட்டார்.

"யுவர் ஃப்ரிட்ஜு, சார்..." என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, "தாயி, நீ தமிழ்ப் பிள்ளையா?" என்று தமிழ் வந்தது.

ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கெவின் ஹெட்செட்டைப் பிடுங்கி, நாக்கைச் சுழற்றி இங்கிலீஷாகப் பொழிந்தார்.

"இம்புட்டு அமெரிக்காவா இங்க அமெரிக்காவுலயே யாரும் பேசுறதில்லீங்க. அந்தப் பிள்ளைகிட்டக் குடுங்க" என்றார் சிகாகோக்காரர்.

"மாட்டிக்கிட்டே!" என்று பல்லைக் கடித்தபடி ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தார் கெவின்.

"நான் எங்க சார் தமிழ் பேசினேன்? இத்தன வருசம் சிகாகோவுல ஒளிஞ்சிருந்தவருல்ல ஒரு 'உ'வுல மாட்டிக்கிட்டாரு!"

கெவினிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் பூமாரி போனில் கேட்டாள்: "ஐயா, ஃப்ரிட்ஜுல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல தாயி. இங்க போன் போட்டா நம்ம ஊர்ப் பிள்ளைக எடுக்கும்னாக. அதான் அடிக்கடி போடுறேன். எடுக்கிறவுக எல்லாம் அமெரிக்காக்காரவுகளாவே பேசிட்டு வச்சிர்றாக. அந்த ஃப்ரிட்ஜை மட்டும் இன்னொருக்கா சொல்லேன்."

பூமாரி சொன்னாள். வாலைச் சிகாகோ வரைக்கும் நீட்டிச் சொன்னாள்.