யானைக்கு வைத்த செய்வினை

அரண்மனை யானை செண்பகம் சாப்பிட மாட்டேன் என்றது. கரும்பைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது.

இதற்கு வைத்தியனை அல்லவா கூப்பிட வேண்டும்? திம்மப்ப ராஜா மந்திரவாதியைக் கூப்பிட்டார். ராஜாக்கள் அப்படித்தான்.

வந்தவர் பெயர் உக்கிரசேனர். நெற்றி நிறையக் குங்குமம். யானைக் கொட்டடியை ஒரு சுற்றுச் சுற்றினார். "செய்வினை!" என்றார். உடனே எட்டுத் திசைக்கும் கட்டுப் போட்டார். கட்டு என்றால் கயிறு இல்லை. மந்திரம் சொல்லி, எலுமிச்சம்பழம் அறுத்து, சாம்பலால் கோடு கிழிப்பது.

"என்னைத் தவிர யாரும் இதைத் தாண்டக் கூடாது."

"நான் பாகன் சாமி. பக்கத்தில் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேனே" என்றான் கோவன்.

"தாண்டினால் ரத்தம் கக்குவாய்!"

காவலர்கள் கோவனை வெளியே தள்ளினார்கள். இரண்டு நாள் புகை, மணி, கூச்சல். யானை ஒரு வாய் தின்னவில்லை. ராஜா முறைக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் உக்கிரசேனர் கொட்டடி மூலையைத் தோண்டினார். ஒரு செப்புத் தகட்டோடு சபைக்கு வந்தார்.

"பாகன் புதைத்தது. இவன் ஊரைவிட்டுப் போனால்தான் யானை பிழைக்கும்."

கோவன் அழுதுவிட்டான். "அதுக்குப் போய் நான் வைப்பேனா மகாராஜா? நான் போனால் அது செத்துப்போகும்."

"பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டு" என்றார் ராஜா.

அப்போது ஓலை படிக்கும் குழைக்காதர் எழுந்தார். ஒல்லி ஆள். வம்புக்காரர்.

"உக்கிரசேனரே, எனக்கு இந்த வித்தை ஒன்றும் தெரியாது. மந்திரம் என்றால் என்ன?"

"ஓதுவது."

"யந்திரம்?"

"தகட்டில் கீறுவது."

"தந்திரம்?"

"கையால் செய்யும் கிரியை. இதுகூடத் தெரியாமலா சபையில் உட்கார்ந்திருக்கிறீர்?"

"என்ன செய்வது, உட்காரச் சொன்னார்கள். சரி, தகட்டைப் புதைத்துவிட்டால் போதுமா? யாரைப் பிடிக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?"

உக்கிரசேனர் சிரித்தார். "பெயர், தாய் பெயர், பிறந்த நட்சத்திரம். மூன்றையும் எழுத வேண்டும். ஒன்று தப்பினாலும் பலிக்காது. அரிச்சுவடி ஓய்!"

"இதில் மூன்றும் இருக்கிறதா?"

"பேஷாக இருக்கிறது. அதனால்தானே பிடித்தது!"

"கொஞ்சம் படியுங்களேன்."

உக்கிரசேனர் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். கணீரென்று படித்தார். "செண்பகம். தாய் பொன்னி. ரோகிணி நட்சத்திரம்."

குழைக்காதர் ராஜா பக்கம் திரும்பினார்.

"மகாராஜா, செண்பகம் மலைக்காட்டில் குழியில் விழுந்த யானை. அதற்குப் பெயர் வைத்தது தாங்கள். அதன் அம்மாவுக்கு யார் பெயர் வைத்தது?"

உக்கிரசேனர் தகட்டைக் கீழே இறக்கினார். "அது... செய்வினை வைத்தவன் ஞானதிருஷ்டியில் கண்டிருப்பான்."

"வைத்தவன் கோவன் என்றீர்?"

"ஆமாம்."

"காட்டுக்குள் ஒரு யானை எந்த நட்சத்திரத்தில் குட்டி போட்டது என்று இங்கிருந்தே கண்டிருக்கிறான். இப்பேர்ப்பட்ட மந்திரவாதியைத் துரத்திவிட்டு இவரை வைத்துக்கொள்வதா மகாராஜா? உக்கிரசேனரே, அவன் காலில் விழுந்து சிஷ்யனாகச் சேரும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துப் பார்த்தால் உக்கிரசேனரைக் காணோம். குங்குமச் சிமிழ் மட்டும் கிடந்தது.

"குழைக்காதரே, இந்தாரும் சால்வை. யானையைச் சாப்பிட வைக்கவும் நீரே ஒரு வழி சொல்லும்."

"எனக்கு ஆள் வாயைப் பிடுங்கத்தான் தெரியும் மகாராஜா. யானை வாய்க்கு வேறு ஆள் வேண்டும். சால்வையை அவனுக்குப் போடுங்கள்."

திரும்பிப் பார்த்தால் கோவனையும் காணோம். எல்லோரும் கொட்டடிக்கு ஓடினார்கள். சாம்பல் கோடு கால்பட்டு அழிந்து கிடந்தது. செண்பகம் கரும்பை மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில், அதன் கடைவாயில் குத்தியிருந்த மூங்கில் சிலாம்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் கோவன்.