வார்னிங்தானே

வியாகப்பன் ரேடியோ மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயதில் ஹபீபா டீச்சரிடம் புரோகிராம் எழுதக் கற்றார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். இருக்கட்டும். கற்றுக்கொடுப்பவர்தான் டீச்சர்.

வியாகப்பன் படகுகளுக்கு ஆபத்துப் பெட்டி செய்தார். கடலில் பொத்தானை அமுக்கினால் கரையில் படகு நம்பர் எரியும். அவ்வளவுதான் அதன் வேலை.

கடலில் இறந்த தம்பி சூசையின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் டீச்சரிடம் வந்தார். உட்காரவில்லை. லேப்டாப்பை மேசையில் வைத்தார்.

"கம்பைலருக்குக் கலர் போட்டுத் தாங்க டீச்சர்."

எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து ஓடவைக்கும் கம்பைலர், தப்பைக் கண்டாலும் திரையில் வெள்ளை எழுத்தில்தான் சொல்லும். முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறார். "டெர்மினல் ஸ்கிரீன் என்ன திருவிழாச் சப்பரமா அண்ணாச்சி, சீரியல் லைட்டு போட?" என்று டீச்சர் சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை.

"அன்னைக்கே நீங்க போட்டுக் குடுத்திருந்தா..." வியாகப்பன் முடிக்கவில்லை.

டீச்சர் கம்பைலருக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தம்பி பெட்டிக்கு எழுதினது இருக்கா?"

"இருக்கு."

"ஓட்டுங்க."

ஓட்டினார். வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடியது. நடுவில் ஒரு வார்த்தை மட்டும் ஊதா நிறத்தில் நின்றது. வார்னிங். பக்கத்திலேயே காரணமும் இருந்தது. முந்நூறு, நாற்பத்துநான்காக மாறுகிறது.

படகு நம்பருக்கு வியாகப்பன் ஒதுக்கிய இடம் சின்னது. இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது. மிச்சம் வழிந்துபோகும். முந்நூறு என்று எழுதினால் நாற்பத்துநான்கு என்று நிற்கும்.

சூசையின் படகு முந்நூறு. அன்று அவன் பொத்தானை அமுக்கத்தான் செய்தான். கரையில் நாற்பத்துநான்கு எரிந்தது. நாற்பத்துநான்காம் நம்பர் படகோ மணலில் ஏற்றிக் கிடந்தது. "பெட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுடே" என்று சொல்லி விளக்கை அணைத்தது வியாகப்பனேதான்.

அவர் திரையில் விரலை வைத்தார்.

"கலர்ல எப்படிக் கண்ணைக் குத்துது பாத்தீங்களா! இது இருந்திருந்தா பாத்திருப்பேன். தம்பி இருந்திருப்பான்."

"அன்னைக்கு இந்த வரியை நீங்க பாக்கவே இல்லையா?"

வியாகப்பன் திரையிலிருந்து விரலை எடுத்தார்.

"வார்னிங்னு ஒண்ணு ஓடினது தெரியும்."

"அப்ப என்ன சொன்னீங்க?"

"வார்னிங்தானேன்னு..."

"எரர்னா ஓடவே விடாது. இது எரர் இல்லையேன்னு."

"ஆமா. பெட்டி ஓடிச்சே டீச்சர்! மேசையில வச்சு அமுக்கிப் பாத்தேன், விளக்கு எரிஞ்சுது. நம்பரை யாரு பாத்தா?"

"கலர் கேட்டீங்க, போட்டாச்சு. அந்தத் 'தானே'க்கு என்ன கலர் போடட்டும் அண்ணாச்சி?"

வியாகப்பன் அப்போதுதான் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார்.

"நான் அரைகுறை டீச்சர். ரேடியோவுக்கு ஈயம் வச்சுக்கிட்டுக் கெடந்திருக்கணும். எனக்கு எதுக்கு இந்த வேலை? உங்க கண்ணுல பட்டிருந்தா நீங்க விட்டிருக்கவே மாட்டீங்க."

டீச்சர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"சரிபாக்கச் சொல்லி சனிக்கிழமை எனக்கு எல்லாத்தையும் அனுப்பினீங்கல்ல அண்ணாச்சி?"

"அனுப்பினேன். வாசிக்க உங்களுக்கு நேரமிருந்திருக்காது."

"வாசிச்சேன். கலர் இல்லாமலேயே கண்ணுல பட்டுது. திங்கக்கிழமை சாயங்காலம் கிளாஸுல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். சூசை திங்கக்கிழமை விடியுமுன்னமே கடலுக்குப் போயிட்டான்."