பயறும் மூச்சு விடும்

லாரித் தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு மெய்யம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர் செங்கோடன். குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவர். மடத்துக் காட்டில் பாசிப்பயறு விளைவிப்பது அவர் பொறுப்பு. கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு மதியக் கஞ்சி அந்தப் பயறில்தான்.

அந்த வருஷம் காய்கள் சூம்பிப் போயின. இலைகளின் மேல்பக்கமெல்லாம் செம்பு நிறத்தில் புள்ளிகள். பூச்சி இல்லை. தண்ணீருக்கும் குறைவில்லை. மருந்தடித்தும் பார்த்தாயிற்று. செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

மெய்யம்மை காட்டுக்கு வந்தபோது அவர் வரப்பில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என் கை ராசியில்லாத கைங்கம்மா. காட்டை வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"விவசாய ஆபீசர் வந்தாரே, என்ன சொன்னார்?"

"காத்துல கோளாறுன்னார். டவுன்ல வண்டிங்க விடற புகை வெயில்ல வெந்து, ஓசோன்னு ஒரு வாயு ஆகுதாம். கண்ணுக்குத் தெரியாதாம். காத்தோட இங்க வந்து இலையைச் சுடுதாம். டவுன் எங்கே, நாம எங்கே! வானத்தைப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கு."

மெய்யம்மை அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் மூச்சை அடக்குங்க."

அடக்கினார். முகம் சிவந்தது. கடைசியில் இருமிக்கொண்டே விட்டார்.

"ஏன் விட்டீங்க?"

"மூச்சு விடாம எப்படிங்கம்மா இருக்கறது?"

மெய்யம்மை புள்ளி விழுந்த இலை ஒன்றைத் தடவிக்கொடுத்தார்.

"இதுக்கும் அப்படித்தான். உங்க கையில ஒரு தப்பும் இல்லை."

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் புகையில எங்க லாரிப் புகையும் இருக்குமே அம்மா."

"இருக்கும்."

"பழைய வண்டிகளை ஓரங்கட்டச் சொன்னா பசங்க சிரிப்பாங்க. நாம நிறுத்திட்டா ஊர்ப்புகை நின்னுடுமான்னு கேட்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

மெய்யம்மை எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"கஞ்சி இப்போ எத்தனை பந்திக்கு வருது?"

"ரெண்டுக்கு வந்துடுது. மூணாவதுக்குத் தண்ணியை ஊத்தி ஒப்பேத்தறோம். நேத்து அதுவும் பாதியிலேயே தீர்ந்துபோச்சு. ஒரு பொம்பளை காலித் தட்டைக் கழுவி வச்சுட்டுப் போனா."

"பசங்களை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்க. மூணாவது பந்தியில உட்கார வைங்க."